துணி போர்த்திய பியானோ

பங்குக் கோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த லாய்டுக்குக் கனடா விசா கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, அபிராமபுரத்தின் இருபத்திரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் மகிழ்ந்தன. வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படங்கள் குவிந்தன. ஜாஸ்பரும் ஒரு கைகூப்பும் படம் போட்டான். போட்டுவிட்டுப் போய் முகம் கழுவினான். அவனுக்கு வியர்த்திருந்தது.

ஜாஸ்பர் அடையாற்றில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவன். முப்பத்து மூன்று வயது. குடிப்பதில்லை, கடன் இல்லை, மனைவி கரோலைத் தவிர வேறு பெண்ணோடு காபி குடித்ததுகூட இல்லை. இப்படிப்பட்ட மனிதனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவனுக்குப் பியானோ வாசிக்கத் தெரியும்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கோயிலைச் சுற்றி வாழும் எந்தப் பங்கிலும் இருந்து பழகாதவர்கள். ஒரு பங்கில் ஒருவனுக்கு வாசிக்கத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் அதன் பிறகு அவன் கைகள் அவனுடையவை அல்ல. ஞாயிறு மூன்று பூசை, புதன்கிழமை நவநாள், திருமணம், புதுநன்மை, குருவானவரின் வெள்ளிவிழா, அடக்கம். ஜாஸ்பரின் அப்பா ராஜநாயகம் முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் கோயிலில் ஆர்கன் வாசித்தார். தன் கல்யாணத்தன்று மாற்று ஆள் வராமல் போகவே, மணமகள் நடந்துவரும் இசையை மாப்பிள்ளையே மாடியில் வாசித்து முடித்து, படியிறங்கி ஓடிவந்து பீடத்தின் முன் மூச்சுவாங்க நின்றார். கல்யாண ஆல்பத்தில் முதல் எட்டுப் படங்களில் அவர் இல்லை. தனக்குப் பிடித்த ஒன்றை, தனக்காக, அவர் ஒருநாளும் வாசித்து ஜாஸ்பர் கேட்டதில்லை. அவரை அடக்கம் செய்த அன்று கோயிலில் ஆர்கன் வாசிக்க ஆளில்லை. இருந்த ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

அன்று ஜாஸ்பர் முன்வரிசையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் மன்னித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருப்பார்.

பெங்களூரில் ஐந்து வருஷம் படித்தபோது கல்லூரி இசை அறையில் தனியாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினான். எண்பத்தெட்டு கட்டைகள், ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வெளியே சத்தம் வராது. மற்ற நேரத்தில் அதன்மேல் லேஸ் துணி தரைவரை தொங்கும். துணியின்மேல் அயர்ன் பாக்ஸும் நாலு சட்டையும் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது அயர்ன் மேசை.

கல்யாணமான முதல் வாரம் அவன் தயங்கித் தயங்கித் துணியை விலக்கிக் காட்டியபோது, கரோல் பெருமூச்சு விட்டாள்.

"இதானா? மூஞ்ச வெச்சிருந்ததப் பாத்து நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்டா."

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்லல. ஆனா மாட்டினா நான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி முழிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவன் வாசித்தது பிரபலமானவர்களின் இசையும் அல்ல. ஒட்டாகர் ஹ்ருபேஷ் என்று ஒரு பொஹிமியாக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் எழுதியவர். உயிரோடு இருந்தபோதே அவரை யாருக்கும் தெரியாது. செத்த பிறகு அந்த நிலைமை மேலும் முன்னேறியது. அவருடைய நோட்டுகளை ஜாஸ்பர் இணையத்தில் இலவசமாக இறக்கி மந்தைவெளி ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுப்பான். அந்தத் தாள்களைப் பார்க்கிற கடைக்காரர், "சார், இங்க் கொட்டிருக்கு போல, வேற எடுக்கட்டுமா?" என்பார். அவ்வளவு நோட்டுகள். இடக்கை மூன்று எண்ணும்போது வலக்கை ஐந்து எண்ண வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கட்டைவிரல் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு மெட்டைக் கடத்திக்கொண்டு போகும். சுருதி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, வழியில் நாலு பேரைப் பார்த்துப் பேசி, கடைசியில் யார் வீட்டு வாசலிலோ போய் நின்றுவிடும். அந்த இடத்தில் ஜாஸ்பர் கண்ணை மூடிக்கொள்வான். ஏன் என்று அவன் ஆராய்ந்ததில்லை. நாள் முழுக்க எல்லாவற்றையும் யாருக்காவது விளக்கிக்கொண்டிருப்பவனுக்கு, விளக்கத் தேவையில்லாத ஒன்று இருந்தது. தினமும் ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை. அதன் பிறகு வேலை முடிந்து வரும் கரோலை மத்திய கைலாஷில் போய் அழைத்துவர வேண்டும்.

லாய்டு போனதும் வேட்டை ஆரம்பமானது. நடத்தியவர் ஐவி ஆன்ட்டி. பங்கின் தெருவாரிக் கிளைக்கு அன்பியம் என்று பெயர். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி டீ குடிப்பார்கள். அபிராமபுரம் அன்பியத்துக்கு ஐவி ஆன்ட்டிதான் பொறுப்பாளர். ரிட்டயர்ட் தலைமையாசிரியை. அவர் கேள்வி கேட்டால் மனிதர்கள் தாமாக எழுந்து நின்றுவிடுவார்கள்.

"தம்பி, உங்கப்பா அவ்ளோ நல்லா வாசிப்பாரு. உனக்கு ஒரு துளிகூட வரலியாப்பா?" என்று கோயில் வாசலில் கேட்டார்.

"வரல ஆன்ட்டி."

"விரலப் பாத்தா வர்ற மாதிரி இருக்கே."

ஜாஸ்பர் விரல்களைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அன்று முதல் திருவிருந்து அப்பம் வாங்கவும் கையை நீட்டவில்லை, நாக்கை நீட்டினான்.

ஆனால் ஆபத்து கோயிலிலிருந்து வரவில்லை. கீழ்வீட்டிலிருந்து வந்தது.

ஹெட்போன் போட்டால் இசை வெளியே கேட்காது என்பது உண்மை. கட்டைகள் இறங்கி ஏறும் சத்தம் கேட்கும் என்பதும், பெடலின் இடி ஸ்டாண்டு வழியாகத் தளத்தில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் டொக் டொக் என்று விழும் என்பதும் ஜாஸ்பருக்குத் தோன்றவே இல்லை. கீழே குடியிருந்தவர் ஸ்ரீவத்சன் மாமா. கச்சேரிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர். வித்வான் தடுமாறினால் மாமா தடுமாறமாட்டார். வித்வானை அப்படி ஒரு பார்வை பார்ப்பார்.

டிசம்பர் முதல் வாரம் மாடிப்படியில் அவர் ஜாஸ்பரை வழிமறித்தார்.

"ஏன் ஓய், தினம் அஞ்சு மணிக்கு மேல என்ன பண்றேள்?"

"ஒண்ணுமில்லியே மாமா."

"ஒண்ணுமில்லயா? நான் நாலே முக்காலுக்கே காபியக் குடிச்சுட்டு ஈசிச்சேர்ல சாஞ்சுண்டுடறேன். ஒரு கை திஸ்ரம், ஒரு கை கண்டம். மூணும் அஞ்சும் மோதிண்டு, சரியா சமத்துல வந்து விழறது! எங்காத்துல காமாக்ஷிகூட, 'மேல யாரோ நன்னா மிருதங்கம் பழகறா'ங்கறா. யார்கிட்ட சிட்சை?"

ஜாஸ்பர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தான். சிரிப்பு பொய்யில் சேருமா என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தந்ததாக அவனுக்கு நினைவில்லை.

"அடக்கத்தப் பாரு!" என்று மாமா அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு பெடலுக்கு அடியில் யோகா மேட்டை இரண்டாக மடித்துப் போட்டான். மறுநாள் மாமா, "இன்னிக்கு தொப்பி கொஞ்சம் இறங்கிடுத்தே, வார் பிடிக்கணும்" என்றார். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடப்பக்கம் என்று ஜாஸ்பர் கூகுளில் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"நிறுத்திடேன் கொஞ்ச நாளைக்கு," என்றாள் கரோல். "கிறிஸ்மஸ் போட்டும்."

நிறுத்திப் பார்த்தான். மூன்றாம் நாள் வகுப்பில் இலைத்துளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வலக்கை மேசைமேல் ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டிருந்ததை முன் பெஞ்சு கவனித்தது. அன்று மாலை திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

அந்த மாதம் அன்பியக் கூட்டம் ஜாஸ்பர் வீட்டில் என்று முறை வந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி. சனிக்கிழமையே ஒளிக்க இடம் தேடினார்கள். பியானோவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பார்த்தார்கள். கட்டில் உயரம் போதவில்லை. பால்கனியில் நிறுத்தினால் மழை. கடைசியில் கரோல், "ரெண்டு வருஷமா அயர்ன் மேசையாத்தானே இருக்கு, நாளைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஐவி ஆன்ட்டி மாதா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பார்வை அறையை ஒருமுறை சுற்றியது. நேராகப் போய் அயர்ன் பாக்ஸைத் தூக்கிக் கரோல் கையில் கொடுத்துவிட்டு, மாதாவை லேஸ் துணியின்மேல் நிறுத்தி, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

"அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்குப்பா," என்றார்.

அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த லூர்துமேரி துணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவள். மரியாயின் சேனையில் உறுப்பினர். "இம்மாம் நீட்டுக்கு ஒரு மேசை எதுக்கு நைனா? பொட்டியோன்னு நெனச்சிக்கினேன்," என்றாள்.

"துணி நெறைய இருக்கும்க்கா," என்றாள் கரோல், பார்வையை மேலே தூக்கிக்கொண்டு.

ஜெபமாலை முடிந்தது. ஐவி ஆன்ட்டி தொண்டையைச் செருமினார். கிறிஸ்மஸ் இரவுப் பூசைக்கு இன்னும் பதினாறு நாள்தான். ஆள் இல்லை. ஆண்டவர் ஒருவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று விசேஷமாக மன்றாடுவோம் என்றார். எல்லோரும் கண்களை மூடினார்கள். ஜாஸ்பர் மட்டும் எதிர்த்திசையில் மன்றாடினான்.

காலிங் பெல் அடித்தது.

ஸ்ரீவத்சன் மாமா. இத்தனை செருப்புகளைப் பார்த்துத் தயங்கினார். "மன்னிக்கணும், விசேஷம்னு தெரியாது. அஞ்சரை ஆறது, மேல சத்தத்தையே காணோமேன்னு பாக்க வந்தேன். இன்னிக்கு சாதகம் இல்லியா?"

"என்ன சாதகம்?" என்றார் ஐவி ஆன்ட்டி. ஜாஸ்பர் தானாக எழுந்து நின்றான்.

"மிருதங்கம். உங்களுக்கெல்லாம் தெரியாதா? இந்தப் பிள்ளை லயத்துல சிங்கம்னா!"

"மிருதங்கமா?" ஐவி ஆன்ட்டியின் முகம் மலர்ந்தது. "நம்ம பாடகர் குழுவுல ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லா..."

"அது மிருதங்கம் இல்ல ஆன்ட்டி," என்றான் ஜாஸ்பர் அவசரமாக.

"பின்ன என்னப்பா?"

மாமாவுக்குப் பொறுமை இல்லை. "வாயால சொன்னா புரியாது. இப்படி வரும் பாருங்கோ," என்று, பக்கத்தில் வாகாக இருந்த மேசையில் இரண்டு உள்ளங்கைகளாலும் போட்டுக் காட்டினார். இடக்கை மூன்று. வலக்கை ஐந்து. மாதா லேசாக ஆடினார். மெழுகுவர்த்திகள் நடுங்கின. துணிக்கு அடியில் ஏதோ வெற்றுப் பெட்டிபோல் கடகடவென்று சத்தம் போட்டது.

ஐவி ஆன்ட்டி தட்டுவதை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். மெழுகுவர்த்திகளை எடுத்தார். மாதாவை, லூர்துமேரிக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஈவ்லின் டீச்சரிடம் கொடுத்தார். லேஸ் துணியைத் தூக்கினார். மூடியைத் திறந்தார்.

எண்பத்தெட்டு பற்கள் பதினெட்டுப் பேரையும் பார்த்துச் சிரித்தன.

"இதென்னது!" என்றாள் கரோல். சொன்னபடியே ஒன்றும் தெரியாதவள்போல் முழித்தாள். நன்றாகவே செய்தாள்.

"கேட்டோம், குடுத்துட்டார்," என்றார் ஐவி ஆன்ட்டி, கண் கலங்க. "உக்காருப்பா. வாசி."

ஜாஸ்பர் உட்கார்ந்தான். வேறு என்ன செய்வது. அடுத்த முப்பத்தெட்டு வருஷமும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றது. ஐந்து முதல் ஆறுவரை பாடகர் குழு ஒத்திகை. ஏதாவது ஒரு சாதாரணக் கோயில் பாட்டை வாசித்தால் கதை முடிந்தது. அப்போதுதான் அவனுக்கு ஒன்று தோன்றியது. அவர்களுக்குத் தெரிந்ததை வாசிக்காமல் இருந்தால் என்ன?

ஹெட்போன் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஹ்ருபேஷை ஆரம்பித்தான்.

பயமுறுத்தத்தான் ஆரம்பித்தான். ஆனால் அந்த இசை இதுவரை அவன் காதுக்குள் மட்டும் இருந்தது. இப்போது அறையின் காற்றில் இருந்தது. கீழ்ச்சுரங்கள் தரை வழியாகப் பாதத்தில் ஏறின. ஒரு பக்கம் கழிந்ததும் அவன் மற்றவர்களை மறந்துபோனான். சுருதி வழிதவறி யாருடைய வாசலிலோ போய் நின்ற இடத்தில், வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டான். ஆறு நிமிடம். கடைசிச் சுரம் அடங்கும்வரை பெடலை விடாமல் மிதித்திருந்தான்.

முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐவி ஆன்ட்டிதான் கடைசியில் அவன் தலையில் கை வைத்தார். தலைமையாசிரியையாக இருந்தபோது, தோற்றுப்போன பிள்ளைகளை அவர் அப்படித்தான் தொட்டிருக்க வேண்டும்.

"எங்க தப்பு வந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியலப்பா. ஆனா வந்துக்கிட்டே இருந்துச்சு."

"தாளம் அபாரம்," என்றார் ஸ்ரீவத்சன் மாமா வாசற்படியிலிருந்து. "நடுவுல அந்த சத்தம்தான் வேண்டாம்."

ஜாஸ்பருக்கு உடம்பெல்லாம் இலேசானது. தப்பித்தான். தப்பித்த அதே நொடியில் எங்கோ சுருக்கென்று வலித்தது. நான் ஒரு சுரம்கூடத் தப்பாக வாசிக்கவில்லை ஆன்ட்டி என்று சொல்ல நாக்கு துடித்தது. அதைப் பற்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டான்.

"இதுக்குத்தான் வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சு வெச்சிருந்தியா? தனியா கத்துக்கிட்டா இப்படித்தான்," என்றார் ஐவி ஆன்ட்டி. "நாளையிலேருந்து பங்கு ஹாலுக்கு வந்துடு. சின்னப் புள்ளைங்களுக்கு டயானா கீபோர்டு சொல்லித்தர்றா. அஞ்சு மணியிலேருந்து ஆறு. ரெண்டு வருஷத்துல நீயும் வாசிச்சிடுவ."

அறையே தலையாட்டியது. ஐந்து முதல் ஆறு. நன்றாக வாசித்தாலும் அந்த ஒரு மணி நேரம் போகும், மோசமாக வாசித்தாலும் போகும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. இந்த வீட்டில், இந்தப் பங்கில், ஐவி ஆன்ட்டியிடம் இதுவரை யாரும் சொல்லாத ஒரு வார்த்தையை அவன் சொன்னான்.

"முடியாது ஆன்ட்டி."

"ஏன்ப்பா? வேலையா?"

"ஆமா. அந்த நேரத்துல நான் இத வாசிப்பேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

"அது சரிப்பா, யாருக்காகன்னு கேக்குறேன். கல்யாணமா, போட்டியா, ஏதாவது காணிக்கையா?"

"எனக்குத்தான் ஆன்ட்டி. வேற யாருக்கும் இல்ல."

ஈவ்லின் டீச்சர் மாதாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஐவி ஆன்ட்டி கரோலைத் தனியாக ஒரு பார்வை பார்த்தார்; எத்தனை நாளாக இப்படி என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"நம்ம சகோதரர் ஜாஸ்பர் தனியா மனசுக்குள்ள போராடிக்கிட்டு இருக்காரு. அவருக்கு நல்ல மன அமைதியும் தோழமையும் கிடைக்கணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது அறை. எல்லோரையும்விடச் சத்தமாகக் கரோல். பழக்கதோஷத்தில் ஜாஸ்பரும் சொன்னான்.

மறுநாள் சரியாக ஐந்து மணிக்குப் பெல் அடித்தது. லூர்துமேரியும் ஈவ்லின் டீச்சரும் நின்றிருந்தார்கள். மரியாயின் சேனையில் நோயாளிகளையும் மனம் சோர்ந்தவர்களையும் இரண்டிரண்டு பேராக வீட்டுக்குப் போய்ச் சந்திப்பார்கள். சந்தித்ததை வாராந்திரக் கூட்டத்தில் அறிக்கை வைப்பார்கள்.

"திங்கக்கிழமை நாங்க," என்றார் ஈவ்லின் டீச்சர், குடையை மடக்கிக்கொண்டே. "செவ்வாய் வேற ரெண்டு பேரு. அஞ்சு மணிக்குத்தான் தனியா இருப்பீங்கன்னு ஐவி சொன்னாங்க."

"எத்தன நாளைக்கு டீச்சர்?"

"உங்களுக்குச் சரியாகுற வரைக்கும்."

சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஜாஸ்பர் நடு ஹாலில் நின்றான். டீ போட்டுக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கலாம். அதுதான் மரியாதை. மணி ஐந்து ஐந்து. ஐந்து பத்து. ஐந்து பன்னிரண்டுக்கு, "நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, துணியை விலக்கினான், ஹெட்போனை மாட்டினான்.

முதல் பக்கம் முழுக்க முதுகு கூசியது. இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் லூர்துமேரி அவன் தோளைத் தொட்டாள்.

"இன்னா நைனா, கைய மட்டும் ஆட்டிக்கினு கீற? சத்தமே வரல?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினான். "எனக்கு வருதுக்கா."

அவள் சுற்றுகிற ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். விடிகாலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்குப் போனவள். மதியம்வரை வெயிலில் உட்கார்ந்து விற்றவள். வீட்டில் இன்னும் உலை வைக்கவில்லை.

"அப்ப சரி, நீ பாரு," என்று திரும்பிப் போய், ஃபேனுக்கு நேராகச் சோபாவில் சாய்ந்து, காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் இடக்கை ஒரு பெரிய தாவல் தாவ வேண்டும். ஜாஸ்பர் தாவினான், பக்கத்துக் கட்டையில் போய் விழுந்தான். காதுக்குள் கோரமான சத்தம். பதறித் திரும்பிப் பார்த்தான். ஈவ்லின் டீச்சர் நோட்டில் அன்றைய தேதியை எழுதிக்கொண்டிருந்தார். லூர்துமேரி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மணி ஐந்து இருபத்தெட்டு. வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆரம்பித்தான்.